வாடை போய்விட்டது என்று சொன்னது நான்

வேலூர்
22 நவம்பர் 2025

அன்பு மகள் அக்சாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் இங்கே நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் காலை ஜெபத்தில் மூன்று பேரின் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறோம். நலம் என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். உடம்பைக் கேட்டால் நலம்தான். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கண் ஆபரேஷன் செய்த இடத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. அம்மாவுக்கு மழை தொடங்கியதிலிருந்து முட்டி வலி ஜாஸ்தி, ஆனால் சபையில் கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சி என்றால் மட்டும் அந்த முட்டி எப்படியோ நடக்கிறது. மாடியில் தண்ணீர் ஒழுகிய இடத்தை ஆள் வைத்துப் பூசியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மறுபடியும் நம் வாசலில் வண்டியை நிறுத்துகிறார், அம்மா மறுபடியும் அவரிடம் பேசுவதில்லை.

தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, இது என்ன புதிதாகக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் ஆரம்பித்தால் உன் முகத்தைப் பார்த்துப் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன், அது எனக்குக் கைவந்த கலை. வாட்ஸ்அப்பில் போட்டால் நீ டியூட்டிக்கு நடுவில் படிப்பாய், அதற்குப் பிறகு நோயாளிக்கு ஊசி போட வேண்டியிருக்கும். அதனால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். லீவு நாளில், குழந்தை தூங்கும்போது, உட்கார்ந்து படி. என் கன்சல்டிங் வேலைக்காக நீ தயார் செய்திருக்கும் அந்த இணையப் பக்கத்தைப் பத்து நாள் திறக்க வேண்டாம் என்று போனில் சொன்னேன் அல்லவா, காரணம் சொல்லவில்லை. காரணம் இதுதான். "உங்க சர்வீஸ்ல ஒரு உயிர்கூட போனதில்லைனு போட்டுக்கட்டாப்பா, நல்லா எடுப்பா இருக்கும்" என்று நீ கேட்டாய். நான் "போடும்மா" என்றேன். அது பொய். ஒரு உயிர் போனது. அதுவும் என் வாயால் போனது. போன பிறகு அந்த மனிதரின் பெயரையும் நான்தான் கெடுத்தேன்.

அவர் பெயர் பஞ்சாட்சரம். ஆம்பூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில் பம்ப், தொட்டி, குழாய் எல்லாம் அவர் பொறுப்பு, அவருக்கு மேலே சூப்பர்வைசர் நான். உனக்கு அவரைத் தெரியும், பள்ளிக்கூட சைன்ஸ் எக்ஸிபிஷனுக்கு உனக்குச் சின்ன மோட்டார் கட்டிக் கொடுத்தாரே, காதில் எப்போதும் பென்சில் சொருகியிருப்பாரே, அவர்தான். நீ ப்ளஸ் டூ படித்த வருஷம் கார்த்திகை மாதம் அவர் இறந்துபோனார். ஷாப்பில் ஒரு ஆக்சிடென்ட், குடித்துவிட்டுத் தொட்டியில் இறங்கிவிட்டார் என்று உன்னிடம் சொன்னேன். நீ அழுதுவிட்டு, பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டாய். அதற்குப் பிறகு அவர் பேச்சு நம் வீட்டில் வந்ததே இல்லை. வராமல் நான் பார்த்துக்கொண்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். தோலில் மயிர் கழற்றிய சுண்ணாம்புத் தண்ணீர் வந்து சேரும் கழிவுத் தொட்டி ஒன்று இருந்தது, ஒன்பதடி ஆழம். அன்றைக்குக் காலை அடியில் சேறு அடைத்துக்கொண்டு பம்ப் இழுக்கவில்லை. வேறு எங்கிருந்தோ அமிலத் தண்ணீரும் அதில் கலந்திருக்கிறது, அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அது கலந்தால் ஒரு விஷவாயு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை வாடை அடிக்கும். நிறைய ஆனால் அது முதலில் கொல்வது மூக்கைத்தான், அதற்குப் பிறகு ஒரு வாடையும் தெரியாது. புத்தகம் படித்த யாருக்கும் இது தெரியும். ஆனால் நாம் வாடையிலேயே பிறந்து வளர்ந்த ஆட்கள் இல்லையா. பஸ் ஆம்பூரைத் தாண்டும்போது வெளியூர்க்காரன் கர்ச்சீப்பை எடுப்பான், நாம் ஜன்னலைத் திறந்துவைத்து டீ குடிப்போம். வாடை அடித்தால் நமக்குப் பயம் வராது. வாடை நின்றால் காற்று சுத்தமாகிவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைத்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூடியைத் திறந்துவைத்துவிட்டுப் பத்து நிமிஷம் அந்த விளிம்பிலேயே நின்றேன், முதலில் மூக்கைத் துளைத்தது, அப்புறம் இல்லை. பஞ்சாட்சரத்துக்கு அன்று கடுமையான ஜலதோஷம். "சார், எனுக்கு மூக்கு அடச்சிருக்குது, ஒண்ணும் தெரியல. நீங்க மோந்து பாத்து சொல்லுங்க, வாடை போச்சா" என்று என்னைக் கேட்டார். நான் குனிந்து மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, "வாடை போச்சு, எறங்கு" என்றேன்.

ஏணியில் இறங்கினார். கீழே காலை வைத்துச் சேற்றைக் கம்பியால் கிளறினார். அவ்வளவுதான். பின்னாலேயே குதிக்கப் போன இரண்டு பேரை நான் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தேன், அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். கயிறும் கொக்கியும் கொண்டுவந்து அவரை மேலே எடுக்க இருபது நிமிஷம் ஆனது. கழுத்தில் துளசிமணி மாலை அப்படியே கிடந்தது. கார்த்திகை மாதம் முழுக்க விரதம் இருந்து சோளிங்கர் மலை ஏறுகிற மனிதர் அவர், அந்த மாதத்தில் டீக்கடையில் டீ கூடக் குடிக்க மாட்டார். இரண்டு நாள் கழித்து மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டு டைப் செய்த ஒரு தாளை நீட்டினார். குடித்திருந்தார், நான் தடுத்தும் கேட்காமல் தானாக இறங்கினார் என்று அதில் இருந்தது. "ஷாப்ப மூடிட்டா எத்தினி குடும்பம் ரோட்டுக்கு வரும் தெரியுமா கிருபா. அவன் போய்ட்டான், அவனுக்கு இனிமே இன்னா ஆவப் போவுது" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா, "நமக்கும் ஒரு பொண்ணு இருக்குது, போட்டுட்டு வாங்க" என்றாள். மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டேன். வேலை போகவில்லை, ஜெயிலுக்கும் போகவில்லை, அடுத்த வருஷம் எனக்குப் பதவி உயர்வுகூடக் கொடுத்தார்கள்.

நீ உன் சிநேகிதிகளிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறாய், எங்கப்பாவுக்கு எலக்ட்ரானிக்ஸ் ஹாபி, ரிட்டயர் ஆன பிறகு அந்த ஹாபியையே தொழிலாக்கிவிட்டார் என்று. அக்சா, அது ஹாபியே இல்லை. ரேடியோ பிரித்துப் பார்ப்பது, பழைய டேப்ரிக்கார்டர் சரி செய்வது, அதெல்லாம் ஹாபி, அது முன்பு. அந்தக் கார்த்திகைக்குப் பிறகு நான் தொட்டதெல்லாம் வாயு அறிகிற சென்சார்தான். யூடியூபைப் பார்த்துப் பார்த்து, சின்னச் சின்ன போர்டில் கம்பி ஒட்டி, பெட்டி மேல் பெட்டியாகச் செய்தேன். அம்மா அதை "உங்கப்பாவோட டப்பா" என்பாள், நீ சிரிப்பாய். வாடை இல்லாத நேரத்தில் எண்ணைக் காட்டுகிற ஒன்று, மூக்குக்குப் பதிலாக ஒன்று என் கையில் இருக்க வேண்டும், அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. அது இருந்தால் அவரை இறங்காதே என்று சொல்லியிருப்பேன். ஒவ்வொரு பெட்டியும் செய்து முடித்தவுடன் அவரிடம் மனதுக்குள் சொல்வேன், இரு பஞ்சாட்சரம், பார்த்துச் சொல்கிறேன் என்று. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் சொல்லாமல் ஒரு பெட்டியைக்கூட நான் மூடியதில்லை.

ஏலகிரிக்குப் போனோமே, நீ காலேஜ் முதல் வருஷம், படகு விடுகிற இடத்துக்குப் போவதற்குள் திடீரென்று வண்டியைத் திருப்பச் சொல்லி எல்லோர் மூடையும் கெடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா. நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மலைமேல் காற்று அவ்வளவு சுத்தமாக இருந்தது, ஒரு வாடையும் இல்லை. எனக்குக் காதுக்குள் "சார், வாடை போச்சா" என்று கேட்டுவிட்டது, பக்கத்தில் நின்று கேட்பதுபோலத் தெளிவாக, மூக்கடைத்த குரலில். திரும்பி ஆம்பூர் வந்து அந்தப் பழைய நாற்றம் மூக்கில் ஏறிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கொரோனாவில் எனக்கு மூக்கு போனதே, காப்பி வாசனைகூடத் தெரியவில்லை என்று எல்லோரும் வேடிக்கையாகப் பேசினோமே. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் பாத்ரூம் கதவைக்கூட உள்ளே தாழ்ப்பாள் போடவில்லை. மேஜை மேல் டப்பாவை வைத்துக்கொண்டு அதில் பூஜ்யத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். அந்தக் குரல் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் என்னைத் திட்டியதே இல்லை அக்சா, ஒரு தடவைகூட இல்லை. மரியாதையாகக் கேட்பார், அவ்வளவுதான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தொழிலாக ஆனது லாங் பஜாரில்தான். நான் சென்சாரும் பேட்டரியும் வாங்குகிற கடைக்காரர் தன்சீல் அகமதை உனக்குத் தெரியும், உன் கல்யாணத்துக்கு மிக்சி கொடுத்தாரே. போன வருஷம் ஒருநாள், "எட்டு வருசமா வாங்கினே இருக்கீங்க சார், இத்தெல்லாம் ஊட்ல வெச்சிகினு இன்னா பண்றீங்க? என் மச்சான் ஷாப்புக்கு வந்து ஒரு தபா காட்டுங்க, அங்க தொட்டி கழுவறதுன்னா எல்லாருக்கும் பேஜாரா கீது" என்றார். போனேன். டப்பாவைக் கம்பியில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினேன், எண் ஏறியதைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். மேலே இருந்தே சேற்றை உறிஞ்சுவது எப்படி, எந்தக் குழாயை எந்தக் குழாயோடு சேர்க்கக் கூடாது, ஆள் இறங்கியே ஆக வேண்டுமென்றால் காற்று எப்படிக் கொடுப்பது என்று வரைந்து கொடுத்தேன். என் டப்பா பாடம் நடத்தத்தான் லாயக்கு, உயிரை நம்பி ஒப்படைக்க முத்திரை போட்ட மீட்டர் வாங்குங்கள் என்றும் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து இன்னொரு ஷாப், ராணிப்பேட்டையில் ஒன்று, பேர்ணாம்பட்டில் ஒன்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நிற்பதும், கன்சல்டன்ட் சார் வந்துட்டார் என்பதும் யாருக்குத்தான் பிடிக்காது. நீ விசிட்டிங் கார்டு அச்சடித்து அனுப்பினாய், அதை நான் சபையில் போதகர் ஐயருக்குக்கூட ஒன்று கொடுத்தேன். அந்த மாதங்களில் அந்தக் குரல் கொஞ்சம் கம்மியாகக் கேட்டது. கணக்கு தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் மாதம் ஒரு பெண் போன் செய்தாள். "அங்கிள், நான் பூங்குழலி பேசறேன், பஞ்சாட்சரம் பொண்ணு" என்றாள். அவள் அப்பா இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. இப்போது இன்ஜினியரிங் முடித்து, ஒரு பெரிய தோல் ஷாப்பில் சேஃப்டி ஆபீசராக இருக்கிறாள். அவள் அப்பா இருந்தவரை வருஷாவருஷம் கிறிஸ்மஸ் கேக்கோடு நான் அவர்கள் வீட்டுக்குப் போவேன், அதை ஞாபகம் வைத்துக்கொண்டு அவ்வளவு பிரியமாகப் பேசினாள். அவர் போன பிறகு நான் அந்தத் தெருப்பக்கமே போனதில்லை. தொழிலாளிகளுக்கு நான் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும் என்றாள், மேனேஜ்மெண்டை அவளே பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டாளாம். மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. போனேன். ஹாலில் ஐம்பது அறுபது பேர். எனக்கு முன்னால் அவள் பேசினாள். திரையில் ஒரு படம் போட்டாள், காதில் பென்சில் சொருகிய பஞ்சாட்சரம். "இவரு எங்க அப்பா. குடிச்சிட்டு, யாரு தடுத்தும் கேக்காம தொட்டியில எறங்கி செத்துட்டாரு. என்னை ஸ்கூல்ல குடிகாரன் பொண்ணுன்னுதான் சொல்லுவாங்க. ஒங்க பிள்ளைங்கள யாரும் அப்டி சொல்லக் கூடாது. தயவு பண்ணி யாரும் குடிச்சிட்டு எறங்காதீங்க" என்றாள். குரல் உடையவே இல்லை, பலமுறை சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறாள். அப்புறம் என் பக்கம் கையைக் காட்டி, "எங்க அப்பாவ அன்னிக்கி தடுத்தவரு இவருதான்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் எழுந்துபோய் வகுப்பு எடுத்துவிட்டு வந்தேன். ஆமாம், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ போன் செய்து அந்த வரியைப் போடட்டுமா என்று கேட்டாய், நான் போடும்மா என்றேன். அந்த இரண்டு நாளையும் நினைத்தால் எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது. முன்பு கையெழுத்துப் போட்டபோதாவது பயம் இருந்தது, இப்போது என்ன பயம், அறுபத்து மூன்று வயதில் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள். கை தட்டியது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து தொட்டியருகிலேயே செய்து காட்டக் கூப்பிட்டாள். மூடியைத் திறந்தபோது குப்பென்று அடித்தது, எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சுளிப்பது நின்றது. டப்பாவைக் கம்பியில் இறக்கியிருந்தேன், எண் நூற்றைம்பதைத் தாண்டி நின்றது, அந்தக் காற்றில் இறங்கிச் சேற்றைக் கிளறினால் யாரும் ஏறி வர முடியாது. அப்போது ஒரு வயதான தொழிலாளி, துரைசாமி என்று பெயர், மீட்டரைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்து, "வாடை போச்சுங்களே சார், எறங்கலாமா" என்றார். அதே கேள்வி. இந்த முறை காதுக்குள் இல்லை, வெளியில், பகல் பதினொரு மணிக்கு, உயிரோடு ஒரு மனிதர் கேட்கிறார். பின்னால் வாருங்கள் என்று எல்லோரையும் தள்ளி நிறுத்திவிட்டு, மூடியைப் போடச் சொல்லிவிட்டு, அங்கேயே சொன்னேன். பஞ்சாட்சரம் குடிக்கவில்லை. அவர் என்னைக் கேட்டார், நான் மோந்து பார்த்து வாடை போச்சு எறங்கு என்றேன், குடித்திருந்தார் என்று பொய்க் கையெழுத்தும் போட்டேன், இப்போது இவர் கேட்டாரே இதே கேள்விதான் என்றேன்.

பூங்குழலி கத்தவில்லை. மூடியின் நான்கு போல்ட்டையும் இறுக்கியிருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தாள். எல்லோரையும் டீக்கு அனுப்பினாள். நோட்டில் நேரமும் அளவும் எழுதினாள், ஒரு எண்ணை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். பிறகு என் எதிரில் வந்து நின்று மூன்று கேள்வி கேட்டாள். "அப்பா குடிச்சிருந்தாரா?" இல்லை என்றேன். "எறங்கச் சொன்னது யாரு?" நான் என்றேன். "உள்ள போனப்புறம் யாரையாவது கூப்ட்டாரா?" கூப்பிடவில்லை, ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, "எல்லாத்தையும் எழுதிக் குடுங்க சார்" என்றாள். அங்கிள் போய் சார் வந்துவிட்டது. மறுநாளே ஐந்து பக்கம் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் அதை வக்கீலிடம் காட்டப் போவதாகச் சொன்னாள். கூப்பிட்டால் எங்கே வேண்டுமானாலும் வந்து இதையே சொல்வேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்காக நீ டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நானும் அம்மாவும் பஞ்சாட்சரத்தின் மனைவி சௌந்தரத்தைப் பார்க்கப் போனோம். நான் தனியாகத்தான் போகிறேன் என்றேன். "கையெழுத்து போடச் சொன்னது நானு, நீங்க மட்டும் போய் எப்படி நிப்பீங்க" என்று அம்மா அந்த முட்டியோடு பஸ் ஏறினாள். பூங்குழலி முன்னாலேயே எல்லாம் சொல்லிவிட்டிருந்தாள். சௌந்தரம் எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். சுவரில் பூங்குழலி பட்டம் வாங்கிய படம் இருந்தது, பஞ்சாட்சரத்தின் படம் இல்லை. என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தேன், அடித்தாலும் சரி. அவர் என்னைத் திட்டவே இல்லை. சாமிக்கு மாலை போட்டுக்கொண்டு குடித்தவர் என்ற ஆத்திரத்தில் புருஷனுடைய படத்தை அன்றைக்கே கழற்றி வைத்துவிட்டாராம், வருஷ திதி ஒன்றுகூடக் கொடுக்கவில்லையாம், கஷ்டம் வரும்போதெல்லாம் அவர் பெயரைச் சொல்லித்தான் சபித்தாராம். இதையெல்லாம் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அம்மாவைப் பார்த்துச் சொன்னார். கடைசியில், "பதினாலு வருசம் அந்த மனுசன வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனேம்மா. இப்ப நான் எங்க போய் அவரு கிட்ட மன்னிப்பு கேப்பேன்" என்று கேட்டார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். என்னால் அங்கே அழவும் முடியவில்லை. செத்தவனுக்கு இனி என்ன ஆகப் போகிறது என்று மேனேஜர் சொன்னதை நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன். பஞ்சாட்சரத்தின் உயிருக்கும் பெயருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்து போயிருந்தேன். ஒரு பெண்ணை அவளுடைய புருஷனுக்கே எதிரியாக்கி வைத்திருந்தேன் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. அதைச் சரி செய்ய என்னிடம் ஒரு டப்பாவும் இல்லை.

நீ உடனே கேட்பாய், அப்போ கன்சல்டிங் அவ்வளவுதானா என்று. இல்லை. கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போவேன். போனதும் முதலில் நான் செய்ததைச் சொல்லிவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பேன், கேட்டுவிட்டு வெளியே போ என்றால் வந்துவிடுவேன். நீ எழுதிய அந்த வரியை மட்டும் எடுத்துவிடு. அந்த இடத்தில் வேறு ஏதும் பெருமையாகச் சேர்க்காதே. பஞ்சாட்சரத்தின் பெயரைப் போடலாமா என்று பூங்குழலியைக் கேட்டிருக்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றாள், வேண்டாம் என்றால் போடக் கூடாது. இது உனக்கு எவ்வளவு பெரிய அடி என்று எனக்குத் தெரியும். உனக்காகத்தான் செய்தேன் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன், நீ அப்படி நினைத்துக்கொண்டு இதைத் தலையில் ஏற்றிக்கொள்ளவும் கூடாது. நீ அப்போது பதினேழு வயதுப் பிள்ளை, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அம்மாவிடம் கோபப்படாதே, அவள் பயந்தாள், அவ்வளவுதான். கோபம் எல்லாவற்றையும் என்னிடம் வைத்துக்கொள். மாப்பிள்ளையிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம், என் கௌரவத்தைப் பார்த்து மறைக்காதே.

குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. இரவு டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு காப்பி குடிக்காதே. அம்மா முறுக்கும் பருப்புப் பொடியும் தனிப் பார்சலில் அனுப்புகிறாள், இந்தக் கடிதத்துக்கு அப்புறம்தான் அது வரும், அதையாவது திருப்பி அனுப்பிவிடாதே என்று சொல்லச் சொன்னாள். கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காப்பாராக, உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆசீர்வதிக்க எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றினாலும், பெற்றவன் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டும் அக்சா. நீங்கள் புதிதாகக் குடிபோன வீட்டில் கேஸ் ஹீட்டர் இருக்கிறது என்று சொன்னாய். அது சரியாக எரியாவிட்டால் ஒரு விஷவாயு வரும், அதற்கு ஆரம்பத்திலிருந்தே வாடை கிடையாது. அதற்கென்று சுவரில் ஒரு அலாரம் மாட்டியிருப்பார்கள், நடுவில் ஒரு பட்டன் இருக்கும். இல்லையென்றால் இன்றைக்கே வாங்கி மாட்டு. இதைப் படித்த பிறகு என்னோடு பேச உனக்கு மனம் வராமல் போகலாம், எத்தனை நாள் ஆனாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். ஆனால் அந்தப் பட்டனை அழுத்திப் பார்த்தேன், சத்தம் வந்தது என்று ஒரே ஒரு வரி மட்டும் எனக்கு அனுப்பிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
கிருபானந்தம்